மேலே எழும்பும் மீன் என் ஃப்ளையை மட்டும் ஏன் ஒதுக்குகிறது?

நாணல்கரை:

வணக்கம். தக்கைத் தூண்டிலிலும் ஸ்பின்னரிலும் பல வருடம் பழகியவன், பூச்சி போல இறகால் கட்டிய முள்ளை (ஃப்ளை) வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன். 9 அடி, 5 வெயிட் (லைனின் கன எண்) ராடு, மிதக்கும் லைன், அதன் முனையில் லீடர் என்ற மெல்லிய நரம்பு 9 அடி, நுனியில் 4எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் கடைசி நரம்பு, எக்ஸ் எண் கூடினால் மெலிது). வீச்சு ஓரளவு கைக்கு வந்துவிட்டது. 35 அடி தூரம் வரை நினைத்த இடத்துக்குப் பக்கத்தில் விழுகிறது.

மாலையில் ஓடையில் ட்ரவுட் மேலே வந்து பூச்சி எடுக்கிறது. ஒரே மீன், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப. வட்டம் விழும் இடத்திலேயே ஆடம்ஸ் என்ற ஃப்ளையில் 12 நம்பர் போட்டேன், எல்க் ஹேர் கேடிஸ் 14 போட்டேன், ராயல் வுல்ஃப் போட்டேன். சில சமயம் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. சில சமயம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பக்கத்தில் மிதந்து வரும் நிஜப் பூச்சியை மட்டும் தயங்காமல் எடுக்கிறது.

டப்பா நிறைய ஃப்ளை இருக்கிறது. எதை எப்போது போடுவது என்று தீர்மானிக்க ஒரு வழி சொல்லுங்கள். இதே ராடை வைத்துக் குளத்தில் பாஸ், கெண்டை பிடிக்க முடியுமா என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

முள்முனை:

12 பெரிசு நண்பரே, முள் நம்பர் கூடக் கூட அளவு சிறுசு. மாலைப் பூச்சி பெரும்பாலும் சின்னது. 16, 18க்கு இறங்குங்க. டிப்பெட்டையும் 5எக்ஸ், 6எக்ஸ்னு மாத்துங்க. இதை முதல்ல செஞ்சு பாருங்க.

ஓடைவாசி:

தம்பி, டப்பாவைக் கொஞ்ச நேரம் மூடி வைங்க. நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. கிட்ட வந்து திரும்புற மீனும், திரும்பிக்கூடப் பார்க்காத மீனும் ஒண்ணு இல்லை. ரெண்டுக்கும் ஃப்ளையை மாத்திட்டே இருந்தா விடிஞ்சாலும் பதில் கிடைக்காது.

கிட்ட வந்த மீனை எடுத்துக்குவோம். அதுக்கு உங்க ஃப்ளை பிடிச்சிருக்கு, இல்லாட்டி எழும்பியே வந்திருக்காது. கடைசி அரை அடியில ஏதோ ஒண்ணு ஒத்துவரலை. பெரும்பாலும் அது டிராக்தான். நிஜப் பூச்சி தண்ணி போற வேகத்துல, தண்ணி போற திசையில போகுது, அதை யாரும் பிடிச்சு இழுக்கலை. உங்க ஃப்ளையை லைன் இழுக்குது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவுல வேகமான நீரோட்டம் இருந்தா அது லைனை வளைச்சுக் கீழே தள்ளும், லைன் லீடரை இழுக்கும், லீடர் ஃப்ளையை இழுக்கும். பெரிய இழுப்புன்னா ஃப்ளைக்குப் பின்னால தண்ணியில கோடு விழும், அது உங்க கண்ணுக்கே தெரிஞ்சிடும். கெடுக்கிறது சின்ன இழுப்பு. 35 அடி தள்ளி நின்னு பார்த்தா ஃப்ளை தேமேன்னு மிதந்து வர்ற மாதிரிதான் இருக்கும்.

அதைப் பிடிக்க நான் நுரைக்குமிழியைப் பார்ப்பேன். ஃப்ளை விழுந்த உடனே அதுக்குப் பக்கத்துல மிதக்கிற ஒரு குமிழியைக் கண்ணால பிடிச்சுக்கங்க. ரெண்டும் சேர்ந்தே வரணும். குமிழி ஒரு விரற்கடை முந்திடுச்சுன்னாலோ, ஃப்ளை குமிழியை விட்டு மெல்ல விலகிச்சுன்னாலோ, உங்க லைன் வேலையைக் காட்டிடுச்சு. இந்த ஒரு பழக்கம் வந்துட்டா எந்த வீச்சு வீண், எந்த வீச்சு சரின்னு மீனைக் கேட்காமலே சொல்லிடலாம்.

சரி பண்றதுக்கு முதல் வழி நீங்க நகர்றது. 35 அடி வீசுறதுக்குப் பதிலா 20 அடிக்கு வாங்க. தண்ணியில கிடக்கிற லைன் குறைஞ்சா இழுப்பும் குறையும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வச்சு நிக்கும், அதனால கீழ்ப்பக்கத்துல இருந்து முதுகுக்குப் பின்னால ஏறி வந்தா நல்லாவே நெருங்கலாம். குனிஞ்சு வாங்க. தண்ணிக்குள்ள இருக்கிற மீன் வெளியே பார்க்கிறது கிணத்துக்குள்ள இருந்து வானத்தைப் பார்க்கிற மாதிரி. ஒளி முறியுறதால தலைக்கு மேல சுமார் 97 பாகை கூம்பு வழியாத்தான் வெளியுலகம் தெரியும். அதைச் சுத்தி இருக்கிற தண்ணிப்பரப்பு அடித்தரையைப் பிரதிபலிக்கிற கண்ணாடி. தரையோட ஒட்டி இருக்கிற எதுவும் அந்த வட்டத்தோட விளிம்புல நசுங்கித்தான் தெரியும், அதனாலதான் குனியச் சொல்றேன்.

இன்னொரு கணக்கும் இதுல இருக்கு. அந்த வட்டத்தோட அகலம் மீன் நிக்கிற ஆழத்தைப் போல கிட்டத்தட்ட 2¼ மடங்கு. 3 அடி ஆழத்துல நிக்கிற மீனுக்கு ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான ஜன்னல். 1 அடியில நிக்கிற மீனுக்கு வெறும் 2¼ அடி. மாலையில மேலாக நின்னு சின்னப் பூச்சி எடுக்கிற மீனுக்கு உங்க ஃப்ளை பக்கவாட்டுல 1½ அடி தள்ளி வந்தா, அது ஜன்னலுக்கு வெளியே போயிடுச்சு. "திரும்பிக்கூடப் பார்க்கலை"ங்கிறதுல ஒரு பங்கு இதுதான். சோம்பேறி மீன் இல்லை அது, அதோட கண்ணுல ஃப்ளை சரியா விழவே இல்லை.

வட்டம் விழும் இடத்திலேயே போட்டேன்னு எழுதியிருக்கீங்க. மீன் நிக்கிற இடம் அது இல்லை. பூச்சியைப் பார்த்ததும் மீன் எழும்பும், பூச்சியோட கூடவே பின்னோக்கி மிதந்து வந்து, எடுத்துட்டு, மறுபடி மேல்நோக்கி நீந்திப் பழைய இடத்துக்குப் போகும். நீங்க பார்க்கிற வட்டம் அது எடுத்த இடம். நிக்கிற இடம் அதுக்கும் மேல, நீரோட்டம் வர்ற பக்கம். ஆழமா நிக்கிற மீன்னா இன்னும் மேல. வட்டத்துக்கு மேல் 4, 5 அடி தள்ளி ஃப்ளையை இறக்குங்க, அதே தடத்துல மிதந்து வரட்டும்.

இப்ப எட்டிக்கூடப் பார்க்காத மீனோட இன்னொரு பங்குக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, நீளமா எழுதினா பொறுத்துக்கங்க. வட்டம் விழுந்ததுமே மேல பூச்சி எடுக்குதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. மூக்கு வெளியே வந்துச்சா, முதுகு மட்டும் வந்துச்சான்னு பாருங்க. மூக்கு தெரிஞ்சு, வட்டத்துக்கு நடுவுல ஒரு குமிழி மிச்சம் இருந்தா, மேல மிதக்கிற பூச்சியைக் காத்தோட சேர்த்து விழுங்கியிருக்கு. மூக்கு வராம முதுகுத் துடுப்பும் வாலும் மட்டும் சுருண்டு போச்சுன்னா, குமிழியும் இல்லைன்னா, அது எடுக்கிறது தண்ணித் தோலுக்கு ஒரு அங்குலம் கீழே. சத்தமே இல்லாம சின்னதா உறிஞ்சுதுன்னா செத்து விழுந்த மேஃப்ளைங்கிற ஆத்துப் பூச்சியோ, மிட்ஜ்ங்கிற கொசு மாதிரிப் பூச்சியோ. தண்ணி தெறிக்கப் பாய்ஞ்சா பெரும்பாலும் கேடிஸ் பூச்சி, ஏன்னா கேடிஸ் மேல வந்ததும் சட்டுனு பறந்திடும், மீன் துரத்தித்தான் பிடிக்கணும்.

மேஃப்ளை அப்படி இல்லை. அதோட இளம்பருவமான நிம்ஃப் அடியில இருந்து நீந்தி வந்து, தண்ணித் தோலுக்கு அடியில தொங்கிக்கிட்டே தன் சட்டையை உரிக்கும். தோலைக் கிழிச்சு வெளியே வர்றதுக்குள்ள அது பறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. மீனுக்கு அதைவிட வசதியான தீனி கிடையாது. வெளியே வந்ததும் மங்கலான இறக்கையோட கொஞ்ச நேரம் மிதந்துட்டுப் பறந்து போய், செடியில உட்கார்ந்து இன்னொரு தடவை தோல் உரிக்கும். இறக்கை வந்த பிறகும் தோல் உரிக்கிற பூச்சி இது ஒண்ணுதான். அப்புறம் பளபளன்னு இறக்கையோட வந்து கூடி, முட்டை போட்டு, இறக்கையை விரிச்சபடி தண்ணியில விழும். ஒரே பூச்சி, ஆனா மீனுக்கு நாலு வேற சாப்பாடு. நீங்க போட்ட மூணு ஃப்ளையும் தண்ணிக்கு மேல நிமிர்ந்து நிக்கிற வகை. கீழே தொங்குறதைத் தின்னுட்டிருக்கிற மீன் மேல நிக்கிறதை ஏன் பார்க்கணும்?

அதுக்குப் புது ஃப்ளை வாங்க வேண்டாம். ஆடம்ஸ் இருக்குல்ல, 1922ல மிச்சிகன்ல லென் ஹாலடே கட்டின ஃப்ளை, இன்னிக்கும் அதுக்கு ஈடு குறைவு. அதுல 16 நம்பர் ஒண்ணை எடுத்து வயித்துப் பக்க இறகை மட்டும் கத்தரியால ஒட்ட வெட்டிடுங்க. நிமிர்ந்து நிக்காம தண்ணித் தோல்ல படுத்துக்கும். அதுவும் சரிப்படலைன்னா நிம்ஃப் மாதிரிக் கட்டின ஃபெசண்ட் டெயில் ஃப்ளை. லீடருக்கு மிதக்குறதுக்கான கொழுப்பைத் தடவுங்க, ஆனா ஃப்ளைக்கு முன்னால 6 அங்குலம் விட்டுடுங்க. நிம்ஃப் அந்த 6 அங்குலத்துக்குள்ளதான் தொங்கிக்கிட்டு வரும். அந்த நிம்ஃபை உருவாக்கின ஃபிராங்க் சாயர் இங்கிலாந்துல ஏவன் ஆத்தைப் பராமரிச்சவர். நாள் முழுக்க ஆத்தங்கரையில இருந்து பார்த்தவர் கையில இருந்து வந்ததாலதான் அது அவ்வளவு எளிமையா இருக்கு. நூல் கிடையாது, மெல்லிய செம்புக்கம்பியாலயே கட்டுவார். கம்பிதான் எடையும்.

நண்பர் முள்முனை சொன்ன அளவு விஷயம் சரி. என் வரிசை இது: முதல்ல எந்த மட்டத்துல தின்னுது, அப்புறம் டிராக் இல்லாம வருதா, அப்புறம் அளவு, அப்புறம் உருவம், கடைசியில நிறம். அளவுல சந்தேகம் வந்தா ஒரு நம்பர் சின்னதாப் போடுங்க. டிப்பெட்டுக்கு, முள் நம்பரை 3ஆல வகுத்தா எக்ஸ் எண் வந்திடும். 16க்கு 5எக்ஸ். மெல்லிசு எதுக்குன்னா மீன் கண்ணுக்குத் தெரியாம இருக்கன்னு எல்லாரும் சொல்வாங்க. என் அனுபவத்துல அதைவிட முக்கியம், மெல்லிசு நல்லா வளையும், ஃப்ளையைச் சுதந்திரமா விடும்.

ஏரிக்கரை:

ஓடைவாசி ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. நிறம் கடைசி என்பது தெளிந்த ஓடுநீருக்குப் பொருந்தும். கலங்கிய குளத்தில் நான் முதலில் பார்ப்பதே கறுப்பா வெளுப்பா என்பதைத்தான். மண்கலங்கலில் நுணுக்கமான நிறம் எதுவும் மீனுக்குப் போய்ச் சேராது, நிழலுரு மட்டும்தான் போகும். அங்கே கறுப்பு போல எடுப்பாகத் தெரிவது வேறு இல்லை.

நாணல்கரை, உங்கள் குளத்துக் கேள்விக்கு வருகிறேன். 5 வெயிட் போதும், ஆனால் எல்லை தெரிந்து பயன்படுத்த வேண்டும். ஸ்பின்னரில் எடை இரையில் இருக்கிறது, இங்கே எடை லைனில் இருக்கிறது. 5 வெயிட் லைனின் முதல் 30 அடி சுமார் 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். அந்த 9 கிராம்தான் உங்கள் ஃப்ளையைச் சுமந்து போக வேண்டும். 6 நம்பர் வூலி பக்கர் வரை சுமக்கும். காற்றை வாங்கும் பெரிய பாப்பரையும் (நீர்மேல் சத்தமிடும் மிதவை ஃப்ளை) கனத்த ஈயக்கண் ஃப்ளையையும் வீச நினைத்தால் வீச்சு குலையும், ஃப்ளை உங்கள் காதோரம் வரும். அதற்கு 7 அல்லது 8 வெயிட்.

குளத்துக்கு ஒரே ஒரு ஃப்ளை என்றால் வூலி பக்கர். 1967இல் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸிங் கட்டியது. வாலில் இருக்கும் மேரபூ இறகு, நீங்கள் இழுக்காமல் நிறுத்தினாலும் அசைந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான கடி அந்த நிறுத்தத்தில்தான் விழுகிறது. இழு, இழு, நிறுத்து. நிறுத்தும்போது லைனில் தளர்வு விடாதீர்கள், இல்லாவிட்டால் கடித்தது தெரியாமலே போய்விடும்.

கல்லும் கட்டையும் உள்ள இடத்துக்கு கிளவுசர் மின்னோ. 1980களில் பாப் கிளவுசர் சஸ்குவெஹானா ஆற்று ஸ்மால்மவுத் பாஸுக்காக உருவாக்கியது. ஈயக்கண் முள்தண்டின் மேல்பக்கம் கட்டப்பட்டிருப்பதால் முள் நுனி மேல்நோக்கித் திரும்பிவிடும், கட்டையில் சிக்குவது குறையும். எவ்வளவு ஆழம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து எண்ணி இழுத்தால் ஒன்றும் இல்லை, எட்டு எண்ணினால் களை மாட்டுகிறது என்றால் ஏழுதான் உங்கள் எண்.

பாப்பர் போட்டால் விழுந்தவுடன் அசைக்க வேண்டாம். விழுந்த வட்டம் முழுக்க மறையும் வரை விட்டுவிட்டு, பிறகு ஒரே ஒரு சின்ன இழுப்பு. பாஸ் அதுவரை கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ஃப்ளையில் கெண்டைதான் மிகக் கடினம் என்பேன், மிகச் சுவையும் அதுதான். தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே தூக்கி மேயும் கெண்டையைத் தேடுங்கள். சும்மா நீந்திப் போகும் கெண்டையை விட்டுவிடுங்கள். தலைமேல் போட்டால் ஓடிவிடும். மீனைத் தாண்டி, அதற்குச் சற்று முன்னால் போட்டு, தண்ணீர் மேலாகவே மெதுவாக இழுத்து வந்து, முகத்துக்கு நேரே வந்ததும் விட்டுவிடுங்கள், தானாக இறங்கட்டும். 8 நம்பரில் கறுப்பு அல்லது பழுப்பு நிம்ஃப், 2எக்ஸ் டிப்பெட். கடி கையில் தெரியாது. மீனையே பாருங்கள்: தலை சற்றுச் சாயும், அல்லது உடல் ஓர் அங்குலம் முன்னே வந்து நிற்கும். அந்த நொடியில் இழுக்க வேண்டும்.

இழுப்பது பற்றி ஒன்று. ட்ரவுட்டுக்கு ராடைத் தூக்குவோம். பாஸ், கெண்டைக்கு ஸ்ட்ரீமரோ (குட்டிமீன் போன்ற ஃப்ளை) நிம்ஃபோ போட்டிருந்தால் ராடைத் தூக்காமல் இடக்கையால் லைனை நேராக இழுத்து முள்ளைப் பதிக்க வேண்டும். மீன் கடித்துத் தவறியிருந்தாலும் ஃப்ளை ஓரடிதான் நகர்ந்திருக்கும், மறுபடி வந்து எடுக்க வாய்ப்பு இருக்கிறது. தூக்கிவிட்டால் ஃப்ளை ஆகாயத்தில்.

நாணல்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. வட்டத்துக்கு மேலே தள்ளி இறக்கியதில் ஒரு மீன் வந்தது! இன்னும் மூன்று சந்தேகம். மெண்ட் செய்யும்போது (தண்ணீரில் கிடக்கும் லைனை எடுத்து மாற்றி வைக்கும்போது) ஃப்ளையும் சேர்ந்து நகர்ந்துவிடுகிறது. பின்வீச்சில் சில சமயம் சாட்டை போல ஒரு சத்தம் கேட்கிறது, அதன் பிறகு பார்த்தால் ஃப்ளை இல்லை. மேலே எந்த அசைவும் இல்லாத நேரத்தில் நிம்ஃபை எவ்வளவு ஆழத்தில் ஓட்டுவது?

ஓடைவாசி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஏரிக்கரை சொன்னதை ஏத்துக்கிறேன், கலங்கல்ல கறுப்புதான்.

சாட்டைச் சத்தம் வந்தா பின்னால லைன் நீளுறதுக்கு முன்னாடியே முன்னால தள்ளிட்டீங்கன்னு அர்த்தம். ஃப்ளை அந்த உதறல்ல அறுந்து போகுது. கழுத்தைத் திருப்பிப் பின்னால பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வளையம் அவிழ்ந்து லைன் நேராகப் போகுதுங்கிற நேரத்துல முன்னால கொண்டு வாங்க. லைன் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் காத்திருக்கணும். 20 அடிக்கும் 40 அடிக்கும் ஒரே தாளம் வராது.

மெண்டுல ஃப்ளை நகர்றது ரெண்டு காரணத்தால. ஒண்ணு, தாமதமாப் பண்றீங்க. டிராக் வந்த பிறகு பண்ற மெண்ட் டிராக்கை இன்னும் கூட்டும். ஃப்ளை விழுந்த கையோட, லைன் தண்ணியில ஒட்டுறதுக்குள்ள பண்ணிடணும். ரெண்டாவது, லைனைத் தண்ணியோட சேர்த்து இழுக்குறீங்க. ராடு நுனியை மேல தூக்கி, நகர்த்த வேண்டிய லைனை மட்டும் தண்ணியில இருந்து கிளப்பி, அப்புறம் அரைவட்டமா மேல்பக்கம் வைங்க. இதைவிட நல்ல வழி, காத்துலயே மெண்ட் பண்ணிடறது. லைன் முன்னால நீளும்போதே ராடை மேல்நீர்ப் பக்கமா நீட்டிடுங்க. லைன் மேல்நீர்ல சாய்ஞ்சு விழும், ஃப்ளை குறிவச்ச இடத்துலயே விழும். நடுவுல தண்ணி மெதுவா இருந்து மீன் பக்கம் வேகமா இருந்தா இதெல்லாம் தலைகீழ், கீழ்நீர்ப் பக்கம் வைக்கணும். எப்பவும் மேல்பக்கமே வைக்கணும்னு பலர் சொல்லிக்கொடுக்கிறாங்க, அது தப்பு.

மேல அசைவே இல்லைன்னா மீன் தின்னலைன்னு நினைக்காதீங்க, அடியில தின்னுது. நிம்ஃபுக்கு மேல இண்டிகேட்டர்ங்கிற மிதவையை வைக்கிற உயரம் தண்ணி ஆழத்தைப் போல 1½ மடங்கு. 3 அடி தண்ணின்னா 4½ அடி. ஏன் அதிகம்னா லீடர் நேராத் தொங்காது, சாய்ஞ்சுதான் போகும். நிம்ஃப் எப்பவாவது அடியைத் தட்டணும். ஒரு தடவைகூடத் தட்டலைன்னா ஃப்ளையை மாத்தாதீங்க, எடையை மாத்துங்க. டங்ஸ்டன் மணி வச்ச ஃபெசண்ட் டெயில் ஒண்ணு இருந்தா பெரிய தைரியம். இண்டிகேட்டர் நின்னாலோ தயங்கினாலோ உடனே தூக்குங்க, மீனா கல்லான்னு யோசிக்கிறதுக்குள்ள அது துப்பிடும். ஓட்டம் முடியுற இடத்துல லைன் இறுகி நிம்ஃப் தானா மேலே எழும்பும், அந்த எழும்பலுக்கே நிறைய மீன் விழும். அவசரப்பட்டு லைனை எடுத்துடாதீங்க.

கோடையில போறதா இருந்தா தண்ணிக்குள்ள வெப்பமானி போட்டுப் பாருங்க. 20 டிகிரி செல்சியஸ் தாண்டிட்டா ட்ரவுட்டை விட்டுடுங்க. சூடான தண்ணியில ஆக்சிஜன் குறைவு, போராடின மீனை விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம். அந்த நாள்ல ஏரிக்கரை சொன்ன குளத்துக்குப் போங்க. முள்ளுல இருக்கிற எதிர்முள்ளைக் குறடால அமுக்கிடுங்க, மீனைத் தொடுறதுக்கு முன்னால கையை நனைச்சுக்கங்க.

முள்முனை:

ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். மீன் பிடிச்ச ட்ரை ஃப்ளை (மேல மிதக்கிற வகை) மீனோட வழவழப்புல ஊறி முங்கிடும். மேல எண்ணெய் தடவினா பிரயோஜனம் இல்லை. தண்ணியில அலசி, துணியில வச்சுப் பிழிஞ்சு, உலர்த்துற பொடியில குலுக்கி, அப்புறம் தடவுங்க. இல்லாட்டி ஃப்ளை பாதி மூழ்கி வர்றதை டிராக்னு நினைச்சுத் தலையைப் பிச்சுக்குவீங்க.